சினிமா பட்டம்: நகையை அடகு வைக்க முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர்தரம் கலைப்பிரிவு தமிழ்மூலம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கிறேன். தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் என் பாடங்கள். பல்கலைக்கழகத்தில் சினிமாவைத்தான் பிரதான பாடமாகப் படிக்க விருப்பம். அப்பா சட்டம் படி என்கிறார். அண்ணா "எல்லாம் யூடியூப்பிலேயே இருக்கு" என்று சிரிக்கிறார். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் தருவதாகச் சொல்கிறது. கட்டணத்தைக் கேட்டதும் அப்பா எழும்பிப் போய்விட்டார். அம்மா தன் நகையை அடகு வைக்கலாம் என்கிறா. சினிமாவைப் பட்டமாகப் படிப்பதில் பிரயோசனம் உண்டா? படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: தங்கச்சி, அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், நகை இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். பெறுபேறே இன்னும் வரவில்லை. அதற்குள் காசு கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிற இடம் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்லது.

நான் படத்தொகுப்பாளர். விளம்பரம், ஆவணப்படம், அவ்வப்போது ஒரு முழுநீளப் படம் என்று சீவியம் போகிறது. இடையிடையே மாணவர்களுக்கு எடிட்டிங் படிப்பிக்கவும் போவேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

"சினிமா படிப்பது" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் இருக்கின்றன. சினிமாவைப் பற்றிப் படிப்பது ஒன்று: வரலாறு, கோட்பாடு, விமர்சனம், கட்டுரை. சினிமா செய்யப் படிப்பது மற்றது: திரைக்கதை, கமரா, ஒலி, எடிட்டிங், தயாரிப்பு. சில இடங்களில் இரண்டையும் கலந்து தருவார்கள், ஆனால் எடை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கமராவைத் தோளில் வைக்கும் ஆசையோடு போய், முதல் வருடம் முழுக்க வாசிப்பும் கட்டுரையுமாக இருப்பதைக் கண்டு மனம் விட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். மறுபக்கமும் உண்டு. நன்றாக எழுதக்கூடிய ஒரு பிள்ளை, லைட் ஸ்டாண்ட் தூக்குகிற படிப்பில் மாட்டிக்கொண்டு தவிக்கும். எந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தாலும் கடைசி வருடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வுக்கட்டுரை கேட்கிறார்களா, ஒரு படம் செய்யச் சொல்கிறார்களா? மிச்சத்தை அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

சினிமாவைப் பற்றிப் படிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லப்போனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் அதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். வகுப்பில் வழமையாகக் கொடுக்கிற ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு படத்திலிருந்து இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஷொட் ஷொட்டாகப் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு ஷொட்டும் எத்தனை செக்கன், கமரா கிட்டவா தூரவா, அசைகிறதா நிற்கிறதா, என்ன சத்தம் கேட்கிறது, அந்தச் சத்தத்துக்குரிய ஆள் படத்துக்குள் தெரிகிறாரா இல்லையா. முதல் தடவை எல்லாரும் "ஒளிப்பதிவு அழகாக இருக்கிறது, இசை மனதைத் தொடுகிறது" என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருக்கா பார், படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் ஒருக்கா கேள் என்று அனுப்புவோம். அடுத்த கிழமை அதே பிள்ளை வந்து, "மகன் வெளிநாடு போகிறேன் என்று சொல்கிற இடத்தில் தாயின் முகத்தைக் காட்டவே இல்லை, அரிசி புடைக்கிற கையைத்தான் காட்டுகிறார்கள், அவன் சொல்லி முடித்த பிறகும் அந்த ஷொட் நான்கு செக்கன் நிற்கிறது, கை மட்டும் நின்றுவிடுகிறது" என்று சொல்லும். அந்த நான்கு செக்கனைக் கண்ட பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் பழைய மாதிரிப் பார்க்காது. எடிட்டிங் மேசையில் உட்காரும்போது, அந்தக் கையை எப்போது வெட்டுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.

இதை யூடியூப்பில் படிக்க முடியாதா என்றால், படிக்கலாம். அண்ணா சொல்வதில் பாதி சரி. மென்பொருளில் எந்த பட்டனை அழுத்துவது என்பதற்காக யாரும் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை. டாவின்சி ரிசோல்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒரு படத்தை முடிக்கப் போதும். ஆனால் உங்கள் கட்டுரையைத் திருப்பித் தந்து "இன்னொருக்கா பார்" என்று சொல்ல யூடியூப்பில் ஆளில்லை. அதைவிட முக்கியம், கூடப் படம் எடுக்க ஆளில்லை.

சினிமா செய்யப் படிப்பதன் உண்மையான பெறுமதி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை மாணவர்கள் சிலர் ஒரு குறும்படத்தை எடிட்டிங்குக்குக் கொண்டுவந்தார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு விறாந்தையில் எடுத்தது. அக்காவும் தங்கையும் கதைக்கிற காட்சி. நடிப்பு நல்லம், வெளிச்சமும் நல்லம். ஆனால் பாதியில், மெட்டுப் போட்டபடி பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ அந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறது. கொழும்பில் வளர்ந்த உங்களுக்கு அந்த பீத்தோவன் மெட்டைச் சொல்லத் தேவையில்லை. "தூரத்தில்தானே கேட்கிறது, கொழும்பு மாதிரியே இருக்கும்" என்று நினைத்துத் தொடர்ந்து எடுத்துவிட்டார்கள். வெட்டத் தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. அக்காவின் ஷொட்டிலிருந்து தங்கையின் ஷொட்டுக்குப் போனால் மெட்டு நடுவில் அறுந்து வேறொரு இடத்தில் தொடங்குகிறது. வசனத்தில் ஒரு சொல்லைக் குறைத்தாலும் மெட்டு துள்ளுகிறது. பேச்சுக்குக் கீழே இசை பதிவாகிவிட்டால் அந்த ஒலியை நினைத்தபடி வெட்ட முடியாது. ஓட்டோ போகும்வரை பொறுத்து எடுத்துவிட்டு, மெட்டைத் தனியாகப் பதிந்து பிறகு கீழே போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. கடைசியில் அந்தப் பிள்ளைகள் திரும்பவும் போய் முழுக் காட்சியையும் எடுத்தார்கள். பூம் மைக் பிடித்திருந்த பையன் அன்றிலிருந்து, படப்பிடிப்பு தொடங்க முன் இரண்டு நிமிடம் எல்லாரையும் வாயை மூடவைத்துத் தெருவைக் கேட்பான். இப்போது ஒலிப்பதிவே அவன் தொழில்.

பிழை விட்டாலும் யாருடைய காசும் பெரிதாகப் போகாத இடம், திரும்பப் போய் எடுக்கக் கூட நாலு பேர், திகதி தவறினால் புள்ளி குறைக்க ஒரு விரிவுரையாளர்: நல்ல தயாரிப்புப் பட்டம் என்றால் இந்த மூன்றும்தான். கமரா எந்த மொடல் என்பதெல்லாம் பிறகு. அந்தத் தனியார் நிறுவனத்துக்குப் போனால் பளபளப்பான ஸ்டூடியோவைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, கடைசி வருட மாணவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனமே தேர்ந்தெடுத்து வைத்த ஒன்றிரண்டு வேண்டாம், ஒரு பிரிவினர் எடுத்தவை எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு வருடத்தில் எத்தனை நாள் கமரா கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். படிப்பிக்கிறவர்கள் கடைசியாக எந்தப் படத்தில், எந்த நிகழ்ச்சியில் வேலை செய்தார்கள் என்றும் கேளுங்கள். படித்து வெளியேறிய இரண்டு பேரோடு, நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் இல்லாமல், ஒரு தேநீர்க் கடையில் இருந்து கதையுங்கள்.

காகித விஷயமும் இருக்கிறது. உள்ளூர்த் தனியார் நிறுவனம் ஒன்று தானே பட்டம் வழங்குவதென்றால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், குறித்த அந்தக் கற்கைநெறிக்குப் பட்டம் வழங்கும் தகுதி பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே எழுதிக் கேட்கலாம். டிப்ளோமாவைப் பட்டம் மாதிரிப் பேசி விற்பதும் நடக்கும். அதனால் சான்றிதழில் என்ன பெயர், எந்தப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அரச பல்கலைக்கழகங்களைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். களனிப் பல்கலைக்கழகத்தில் திரைப்படமும் தொலைக்காட்சியும் படிக்க வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகத்தில் வெகுஜன ஊடகமும் அரங்கக் கலைகளும் இருக்கின்றன. அது ஹொரணைப் பக்கம், கொழும்பு என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் கட்புலக் கலைகளும் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் மஹாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். இப்படியான சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ தனியாக வைப்பார்கள், அதற்குத் தனி அறிவித்தல், தனி விண்ணப்பம். அந்த அறிவித்தலைத் தவறவிட்டு, நல்ல புள்ளியை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வடிவாக வாசியுங்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தேவையான உயர்தரப் பாடங்கள் எவை, மொழிமூலம் எது என்று அதில் பாருங்கள்.

மொழிமூலம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. தெற்கில் இந்தப் படிப்புகளில் பெரும்பாலும் சிங்களமோ ஆங்கிலமோதான் நடமாடும். தொழிலும் அப்படித்தான். கொழும்பில் படப்பிடிப்புத் தளம் சிங்களத்தில் ஓடுகிறது. லைட்காரர், கிரிப், மேக்கப், சாப்பாடு கொண்டுவருகிற அண்ணன்வரை எல்லாரும். சிங்களம் நன்றாகக் கதைத்து, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதி, தமிழில் பிழையில்லாமல் வசனம் திருத்தக்கூடிய ஒருவர் இந்த ஊரில் வேலையில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு விளம்பரம் என்றால் இரண்டு மொழியிலாவது வர வேண்டும், ஆனால் தமிழ்ப் பதிப்பைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்கக்கூடியவர்கள் எடிட்டிங் அறைகளில் மிகக் குறைவு. அதனால்தான் தொலைக்காட்சியில் சில தமிழ் விளம்பரங்கள் அந்தக் கோலத்தில் வருகின்றன. சினிமா பட்டம் கிடைக்கிறதோ இல்லையோ, காத்திருக்கிற இந்த மாதங்களில் ஒரு சிங்கள வகுப்புக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சரி, வேலை. எங்கள் தொழிலில் சான்றிதழைக் கேட்டு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள், பிறகு "ஆள் நேரத்துக்கு வருவாரா" என்று தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். ஆனால் அரச தொலைக்காட்சியில் நிரந்தரப் பதவி, பாடசாலையில் ஊடகக் கற்கை ஆசிரியர், பல்கலைக்கழக விரிவுரையாளர் என்று போனால் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற தமிழ் அலைவரிசைகள், விளம்பரத் தயாரிப்பு, நிறுவனங்களுக்கான ஆவணப்படம், கலியாண வீடியோ: ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வரும். கலியாண வீடியோவை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். திரும்ப எடுக்க முடியாத ஒரு தாலிகட்டை ஒரே தடவையில் எடுத்துப் பழகியவர் ஆவணப்படத்தில் தடுமாற மாட்டார். முழுநீளத் தமிழ்ப் படம் எடுத்து அதிலேயே இலங்கையில் சீவிப்பது இன்றைய நிலைமையில் மிகக் கடினம். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

அப்பா சட்டம் என்கிறார். நம் நாட்டுச் சினிமாவைப் பார்த்தால் அவர் பக்கத்துக்கும் சாட்சிகள் உண்டு. இயக்குநர் அசோக ஹந்தகம கணிதம் படித்து மத்திய வங்கியில் வேலை பார்த்தவர். 2012 இல் 'இனி அவன்' என்று யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். தர்மசேன பத்திராஜ பல்கலைக்கழக விரிவுரையாளர். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில்தான் 'பொன்மணி' எடுத்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர். உங்கள் பக்கத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சுமித்ரா பீரிஸ் ஐம்பதுகளிலேயே இலண்டனில் திரைப்படப் பள்ளிக்குப் போனவர். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 2005 இல் கான் திரைப்பட விழாவில் முதற்படத்துக்கான கமரா டோர் விருதை வாங்கிய விமுக்தி ஜயசுந்தரவும் அதே புனேயில் படித்தவர்தான். ஆக, இந்தப் பட்டியலைக் காட்டி அப்பாவும் வெல்ல முடியாது, நீங்களும் வெல்ல முடியாது.

ஆனால் அந்தப் புனே விஷயத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. புனேயிலும் கல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் போன்ற முக்கியமான படிப்புகளுக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு பட்டம் வைத்திருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பெரிய விஷயமில்லை. அதாவது உங்களுக்குக் களனி கிடைக்காமல், தமிழோ புவியியலோ கிடைத்தால்கூட வழி மூடிவிடவில்லை. முதற்பட்டத்தை இங்கே செலவில்லாமல் முடித்து, கூடவே படம் எடுத்துப் பழகி, பிறகு சினிமாவுக்கென்று ஒரு நல்ல பள்ளிக்குப் போகலாம். முதற்பட்டத்துக்கே இந்தியா போவதென்றால் சென்னைக் கல்லூரிகளில் விஸ்கொம் என்கிற விசுவல் கொம்யூனிக்கேஷன் பட்டம் இருக்கிறது. அங்குள்ள லயோலா கல்லூரியில் படித்து சினிமாவுக்கு வந்தவர்கள் பலர். இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு இங்குள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். எந்தக் கற்கைநெறிக்கு உண்டு, எதற்கு இல்லை என்று அந்த அறிவித்தலிலேயே போடுவார்கள்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படித்தான். அரச பல்கலைக்கழகத்தில் சினிமாவோ ஊடகமோ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். வேறு பாடம் கிடைத்தாலும் போங்கள், அங்கேயே நாலு பேரைச் சேர்த்துப் படம் எடுங்கள். சட்டம் கிடைத்து, அதிலும் உங்களுக்கு மனம் இருந்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வாசித்து, 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி தன் படம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லத் தெரிந்த இயக்குநர் நம் ஊரில் ஒரு கைக்குள் அடங்குவார். தனியார் பட்டம் கடைசி. அதுவும் மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் நேர்மையான பதில் கிடைத்து, நகை அடகில் போகாமல் கட்டக்கூடிய கட்டணமாக இருந்தால் மட்டும். படிப்பு முடிந்து வருகிற முதல் சம்பளம் அந்த வட்டியைத் தாங்காது.

உங்களுக்கு உண்மையிலேயே எந்தப் படிப்பு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஏற்கெனவே பார்த்துப் பிடித்த படம் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்தை எடுத்து, நான் சொன்ன மாதிரி ஷொட் ஷொட்டாகப் பிரித்து எழுதுங்கள். அது முடிந்ததும் கைத்தொலைபேசியால் மூன்று நிமிடப் படம் ஒன்று எடுங்கள். வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிற ஒருவர், அவ்வளவுதான் கதை. வசனம் வேண்டாம். மேடையில் எடுக்க அனுமதி கேட்க வேண்டும், அதையும் நீங்களே போய்க் கேளுங்கள், அதுவும் இந்தத் தொழில்தான். கடல் ஒரு பக்கம், ரயில் மறுபக்கம், சத்தத்தால் தலை வெடிக்கும். எடுத்ததை வெட்டுங்கள், ஒரு கிழமை கழித்து இன்னொரு விதமாக வெட்டுங்கள். எழுதும்போது நேரம் போனது தெரியவில்லையா, வெயிலில் நின்று எடுக்கும்போது தெரியவில்லையா, வெட்டும்போதா என்று கவனியுங்கள். மூன்றிலும் சலித்துப்போனீர்கள் என்றால் உங்களுக்குப் பிடித்தது படம் பார்ப்பதுதான். அதற்குப் பட்டம் தேவையில்லை, கோதே நிறுவகத்திலும் அலியான்ஸ் பிரான்சேயிலும் படம் போடுகிற நாட்களைக் கேட்டுவைத்துக்கொண்டால் போதும்.

பெறுபேறு வந்ததும் உங்கள் இசட் புள்ளியையும், எந்த மாவட்டத்திலிருந்து விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து, விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை எந்த வரிசையில் போடுவது என்று அப்போது கதைக்கலாம்.